வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் ஓமும் வாட்டும் வந்துவிடும்

வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்ஸின் கைப்பிடிக்குக் கீழே அல்லது பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1000 வாட்' என்பது போல ஏதாவது போட்டிருக்கும். அந்த ஒரு வரி போதும். பெட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கும், உள்ளே இருக்கும் காயிலின் தடை எவ்வளவு, எந்த பிளக்கில் செருகலாம், ஒரு மணி நேரம் துணி தேய்த்தால் ஈபி மீட்டரில் எவ்வளவு ஏறும் என்று எல்லாவற்றையும் அதை வைத்தே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். பரீட்சையோடு மறந்துபோனதை வீட்டுச் சாமான்களை வைத்து மறுபடி பார்ப்போம். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும், போனில் இருக்கும் கால்குலேட்டர் கூட இருந்தால் வசதி.

நான்கு எண்கள், இரண்டு சூத்திரங்கள்

மின்னழுத்தத்தை வோல்ட்டிலும், மின்னோட்டத்தை ஆம்பியரிலும், மின்தடையை ஓமிலும், மின்திறனை வாட்டிலும் அளக்கிறோம். இவற்றைச் சேர்த்துக் கட்டுகிற சூத்திரங்கள் இரண்டே.

வோல்ட் = ஆம்பியர் × ஓம்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

முதலாவது, ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்டது. இரண்டையும் திருப்பிப் போட்டால் மற்றவை தானாக வரும். ஓம் வேண்டுமா, வோல்ட்டை ஆம்பியரால் வகுங்கள். ஆம்பியர் வேண்டுமா, வாட்டை வோல்ட்டால் வகுங்கள். நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மீதி இரண்டைக் கண்டுபிடிக்கலாம்.

இதை விளக்கத் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் காட்டுவது வழக்கம். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்காது. குழாய் உடைந்தால் தண்ணீர் கொட்டும், ஒயர் அறுந்தாலோ கரண்ட் நின்றுவிடும். அதைவிட யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று யோசித்தால் தெளிவாகிவிடும். வோல்ட்டைத் தருவது ஈபி. ஓம், நாம் வாங்கி வந்த சாமானுக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டும் சேரும்போது கிடைக்கும் விளைவுதான் ஆம்பியர். அதனால்தான் 1 ஆம்பியர் கேட்கிற போனை 3 ஆம்பியர் சார்ஜரில் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. வோல்ட் சரியாக இருந்தால், போன் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் சாமானில் மாட்டுவதுதான் வம்பு.

முதல் கணக்கு

சென்னையில் வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 230 வோல்ட். அயர்ன் பாக்ஸ் 1000 வாட்.

ஆம்பியர்: 1000 ÷ 230 = 4.35
ஓம்: 230 ÷ 4.35 = 52.9

சரி, இது நிஜமா என்று சோதிக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இது முக்கியம், ஓம் அளக்கும்போது சாமானில் கரண்ட் இருக்கவே கூடாது. அயர்ன் பாக்ஸின் திருகியை அதிகபட்சச் சூட்டுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கலாம். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, பிளக்கின் கீழ் முனைகள் இரண்டிலும் ஒவ்வொரு புரோபாக (மீட்டர் ஒயரின் நுனியில் இருக்கும் ஊசி) வையுங்கள். மேலே இருக்கும் தடித்த முனை எர்த், அதைத் தொட வேண்டாம். 50-லிருந்து 55-க்குள் ஏதோ ஓர் எண் வரும். ஒன்றுமே வராமல் திரையின் ஓரத்தில் '1' மட்டும் நின்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கார்டு உள்ளே விட்டுப்போயிருக்கிறது. ரிப்பேர் கடையில் கொடுத்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

அளப்பதற்கு முன் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட வைத்துப் பாருங்கள். மலிவு மீட்டரில் 0.5 ஓம் வரைகூடக் காட்டலாம். அது புரோப் ஒயரின் தடை, வருகிற அளவிலிருந்து கழித்துவிடுங்கள்.

இதே சோதனையைப் பழைய 60 வாட் குண்டு பல்பில் செய்தால் குழப்பம் வரும். கணக்குப்படி 60 ÷ 230 = 0.26 ஆம்பியர், 230-ஐ அதனால் வகுத்தால் சுமார் 880 ஓம் வர வேண்டும். மீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டும். கணக்கிலும் தப்பில்லை, மீட்டரிலும் தப்பில்லை. எரியும்போது பல்பின் டங்ஸ்டன் இழை 2000 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது, சூடு ஏற ஏறத் தடையும் கூடுகிறது. மீட்டரால் அளந்தது குளிர்ந்த இழையை. பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போட்ட நொடியில் ஃபியூஸ் போவதும் இதனால்தான், தடை குறைவாக இருக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் பல மடங்கு பாய்கிறது. அயர்ன் பாக்ஸில் இருப்பது நிக்ரோம் கம்பி. சூட்டினால் அதன் தடை பெரிதாக மாறாது, அதனால்தான் முதல் சோதனைக்கு அதை எடுத்தேன்.

மீட்டர் வாங்கியதும் பேட்டரியில் பழகுங்கள்

அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிட்சி தெருவுக்குப் போனால் மல்டிமீட்டர், ரெசிஸ்டர், எல்இடி, பிரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரி என எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மீட்டர் வாங்கும்போது கடையிலேயே புது பேட்டரி ஒன்றை அளந்து பார்த்து வாங்குங்கள்.

ரெசிஸ்டர்கள் இரண்டு பக்கமும் நாடா ஒட்டிய வரிசையாக வரும். உடம்பில் இருக்கும் வண்ணப் பட்டைகள்தான் அதன் மதிப்பு. ஆரஞ்சு, வெள்ளை, பிரவுன் என்றால் 3, 9, அப்புறம் ஒரு சுழி: 390 ஓம். சிவப்பு எல்இடி ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில் எரிக்க இதைத்தான் எடுக்கப் போகிறோம், ஏன் என்று பாருங்கள். சிவப்பு எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில் விழும். சாதாரண எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர்தான் உச்சம், அதாவது 0.02 ஆம்பியர். 7 ÷ 0.02 = 350 ஓம். கடையில் 350 கிடைக்காது, 330-ம் 390-ம் கிடைக்கும். பெரியதை எடுத்தால் எல்இடி பத்திரம். இனி ரெசிஸ்டர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 7 ÷ 390 = 0.018 ஆம்பியர், 7 × 0.018 = 0.126 வாட். சாதாரணமாகக் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் இதைத் தாராளமாகத் தாங்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கே அதிகம் தடுமாறுவது மில்லி, கிலோ இரண்டிலும்தான். கணக்கில் போடுவதற்கு முன்னாலேயே மில்லி ஆம்பியரை 1000-ஆல் வகுத்துவிடுங்கள், கிலோ ஓமை 1000-ஆல் பெருக்கிவிடுங்கள். ரெசிஸ்டர் 126 வாட் எடுக்கிறது என்று விடை வந்தால் எங்கே விட்டோம் என்று தேடவே வேண்டாம்.

வோல்ட்டை அளக்க சர்க்யூட்டைப் பிரிக்க வேண்டியதில்லை, இரண்டு முனைகளிலும் புரோபை வைத்தால் போதும். ஆம்பியரை அளக்க வேண்டுமானால் ஒயரை ஓர் இடத்தில் பிரித்து, மீட்டரை அந்த இடைவெளியில் நுழைக்க வேண்டும், எல்லாக் கரண்டும் மீட்டர் வழியாகவே போக வேண்டும். சிவப்பு புரோபை ஆம்பியர் துளையில் வைத்தபடியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம். அதையே சுவர் சாக்கெட்டில் செய்தால் கையிலேயே வெடிக்கும். 10 ஆம்பியர் துளைக்குப் பல மலிவு மீட்டர்களில் ஃபியூஸே இருப்பதில்லை. ஆம்பியர் அளந்து முடித்தவுடன் புரோபை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டு மீட்டரைக் கீழே வையுங்கள்.

ஆம்பியர் அளக்கும் வேலையையே தவிர்க்க ஒரு வழி உண்டு. மேலே போட்ட சர்க்யூட்டில் 390 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வோல்ட் அளவில் புரோபை வையுங்கள். 7.02 என்று வருகிறதா, 390-ஆல் வகுங்கள், 0.018 ஆம்பியர். எதையும் பிரிக்கவில்லை, ஃபியூஸ் பயமும் இல்லை. பல கருவிகள் உள்ளுக்குள் கரண்ட்டை அளப்பதும் தெரிந்த ஒரு சின்னத் தடையின் மேல் விழும் வோல்ட்டைப் பார்த்துத்தான். 230 வோல்ட் லைனில் ஆம்பியர் தெரிய வேண்டுமானால் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். ஒயரை வெட்டாமல் வெளியே இருந்து கவ்வினாலே அளவு வரும். ஆனால் ஒற்றை ஒயரைத்தான் கவ்வ வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழுக் கார்டைக் கவ்வினால், போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துவிட்டு சுழி காட்டும்.

வோல்டேஜ் குறைந்தால்

கத்திரி வெயிலில், தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் இரவு நேரத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் 200 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது 1500 வாட் கெட்டில் என்ன ஆகும்? 'வாட் = வோல்ட் × ஆம்பியர்' என்பதை அப்படியே போட முடியாது, வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது. மாறாமல் இருப்பது ஓம்தான். எனவே இரண்டு சூத்திரங்களையும் சேர்த்து இப்படி எழுதிக்கொள்ளலாம்:

வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

கெட்டிலின் தடை 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். 200 வோல்ட்டில் 200 × 200 ÷ 35.3 = 1133 வாட். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்ததற்கு பவர் 24 சதவீதம் போய்விட்டது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் 5 நிமிடத்தில் கொதித்தது இப்போது ஆறரை நிமிடம் எடுக்கும். இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர் சார்ஜர் போன்றவை நேர்மாறு. அவற்றின் எலெக்ட்ரானிக்ஸ் தனக்கு வேண்டிய வாட்டை விட்டுக்கொடுக்காது, வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். ஒரே லைனில் இருக்கும் இரண்டு சாமான்கள் எதிரெதிராக நடந்துகொள்வது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்.

பிளக் கருகுவதன் கணக்கு

மொத்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி இது. இரண்டு சூத்திரங்களையும் இன்னொரு விதமாகச் சேர்த்தால் வருவது:

வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்

கம்பியில் பிறக்கும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று 1841-ல் காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 8.7 ஆம்பியர். சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட்டின் தாங்குதிறன் 6 ஆம்பியர், வாட்டில் சொன்னால் 1380. பெரிய சாக்கெட் 16 ஆம்பியர், 3680 வாட். அடுப்பு எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாடகை வீட்டுச் சமையலறையில் பெரிய சாக்கெட் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்கும், பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக வைக்கும் கன்வர்ட்டர் பிளக் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை மாட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக அடுப்பை ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

அந்த பாக்ஸின் ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பருமன் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 26 ஓம் தடை. கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும், ஆகவே 20 மீட்டர்: 0.52 ஓம். 8.7 × 8.7 × 0.52 = 39 வாட். சமையலுக்குப் போகாமல் ஒயரிலேயே சூடாக எரிகிறது. பத்து மீட்டருக்கும் பரவியிருந்தால் காற்றில் ஆறிவிடும். அழகாகச் சுருட்டி, நாடா போட்டுக் கட்டி, அலமாரிக்குப் பின்னால் தள்ளியிருந்தால் அத்தனை சூடும் ஒரே உருண்டைக்குள் தங்கும்.

இதையும்விட மோசமானது லூஸ் காண்டாக்ட். சாக்கெட்டுக்குள் பித்தளைத் தகடு தளர்ந்து, பிளக் முனையைச் சரியாகப் பிடிக்காத இடத்தில் வெறும் 0.2 ஓம் இருக்கிறது என்று வைப்போம். உங்கள் மல்டிமீட்டரால் அதைச் சரியாக அளக்கக்கூட முடியாது. 8.7 × 8.7 × 0.2 = 15 வாட். ரிட்சி தெருவில் சால்டரிங் அயர்ன் கேட்டால் 25 வாட் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள், அது ஈயத்தை உருக்கும். அதில் பாதிக்கும் மேல், விரல் நுனி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு உள்ளே. சூட்டில் தகடு இன்னும் தளரும், மேலே கரி படியும், தடை கூடும், அதனால் சூடு இன்னும் ஏறும். அதே லூஸான இடத்தில் 4.35 ஆம்பியர் அயர்ன் பாக்ஸை மாட்டினால் 3.8 வாட்தான், வருடக்கணக்காக ஒன்றும் தெரியாமலே ஓடும். 'இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தது' என்பது அங்கிருந்து வருகிறது.

அடிக்கடி பயன்படுத்தும் பெரிய பிளக் ஒன்றைப் பிடுங்கி முனைகளைப் பாருங்கள். எர்த் முனை புதிது போலப் பளபளக்கும், அதில் கரண்ட் ஓடுவதே இல்லை. கீழே உள்ள இரண்டில் ஒன்று மட்டும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், சாக்கெட்டில் அந்தத் துளைக்குள்தான் தகடு தளர்ந்திருக்கிறது. முனையை உப்புத்தாளில் தேய்த்துப் பயனில்லை, சாக்கெட்டை மாற்ற வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மேசை மேல் போட்ட கணக்கைத் தாண்டி 230 வோல்ட்டில் எதையும் நீங்களாகத் தொட வேண்டாம். காரணமும் கணக்கிலேயே இருக்கிறது. ஈரமான தோலோடு உடம்பின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், 230 மில்லி ஆம்பியர். வீட்டில் பொருத்தும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டித்துவிடும்படி அமைத்திருப்பது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறியிருக்கும் வீடுகளில் அது இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கணக்கு உதைக்கும் இடங்கள்

ஃபேன், தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் இவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெருக்கினால் ஸ்டிக்கரில் இருக்கும் வாட்டைவிட அதிகமாக வரும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாவிட்டால் பெருக்கல் தொகை முழுவதும் வேலையாக மாறாது. வேலையாக மாறும் பங்குதான் பவர் ஃபேக்டர். கம்ப்யூட்டர் யுபிஎஸ் அட்டையில் '600 விஏ, 360 வாட்' என்று இரண்டு எண் போட்டிருப்பது இதற்காகத்தான். விஏ என்பது வெறும் வோல்ட் × ஆம்பியர், வாட் அதில் 0.6 மடங்கு. வாங்கும்போது இரண்டாவது எண்ணைப் பாருங்கள், கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் முதலாவதை. மோட்டாரில் ஒரு எச்பி என்றால் 746 வாட், அதுவும் சுழலும் தண்டு தருகிற வேலைதான். ஈபியிலிருந்து இழுப்பது அதற்கும் மேல்.

வீட்டு இன்வெர்ட்டரில் வேறு ஒரு விஷயம் கவனிக்கலாம். 300 வாட் லோடு 230 வோல்ட் பக்கத்தில் 1.3 ஆம்பியர்தான். அதே 300 வாட் 12 வோல்ட் பேட்டரி பக்கத்தில் 25 ஆம்பியர், இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூட. பேட்டரிக்குப் போகும் கேபிள் தடிமனாக இருப்பதும், அதன் முனையில் பச்சையாகப் பூத்தால் உடனே சுத்தம் செய்யச் சொல்வதும் இதனால்தான். அந்த முனையில் வெறும் 0.02 ஓம் இருந்தாலும் 25 × 25 × 0.02, 12 வாட்டைத் தாண்டுகிறது.

ஒயரைத் தொடாமலே வாட் கண்டுபிடிக்க

ஈபி மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள், 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. ஒரு நிமிடம் எண்ணி, 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு முழுவதும் எத்தனை கிலோவாட் எடுக்கிறது என்று வந்துவிடும்.

ஒரு சாமானை மட்டும் அளக்க இரண்டு முறை எண்ண வேண்டும். அடுக்குமாடியில் மீட்டர் போர்டு கீழே இருக்குமே, மேலே ஒருவரைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் குக்கர் போடாதபோது நிமிடத்துக்கு 11, போட்டதும் 48 என்றால் வித்தியாசம் 37. 37 × 60 ÷ 3200 = 0.694 கிலோவாட், 694 வாட். சாக்கெட்டில் வோல்ட் 228 இருந்ததென்றால் 694 ÷ 228 = 3.04 ஆம்பியர், 228 ÷ 3.04 = 75 ஓம். ஸ்டிக்கரில் 700 வாட் என்று இருந்தால் கணக்கு கச்சிதம். அரை மணி நேரம் சோறு வெந்தால் 0.35 யூனிட். பில்லில் எந்தச் சாமான் அதிக யூனிட்டைத் தின்கிறது என்று இப்படியே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எண்ணிக்கொண்டிருக்கும்போது மினுக்கல் திடீரென வேகமெடுத்தால் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்திருக்கும். அது நின்ற பிறகு மறுபடி எண்ணுங்கள்.